நவம்பரிலேயே தொடங்கும் கேக்

கிறிஸ்துமஸ் கேக் சரியாக வரவில்லை என்றால் பழி பெரும்பாலும் அடுப்பின் மேல்தான் விழுகிறது. உண்மையான காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. டிசம்பர் 23ஆம் தேதி கடைக்கு ஓடி, 24ஆம் தேதி மாவு கலக்கும் வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த ஓவன் இருந்தாலும் பயனில்லை. பழம் ஊற நாள் வேண்டும். வெந்த கேக்குக்கும் ஓய்வு வேண்டும்.

கேரளத்தில் இந்தக் கதையின் தொடக்கமே நவம்பரில்தான். பர்மாவில் பிஸ்கெட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு, 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கெட் ஃபாக்டரியைத் தொடங்கினார். 1883 நவம்பரில் அஞ்சரக்கண்டி தோட்டத்து முர்டாக் பிரவுன் அங்கே வந்து, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைச் சுவைக்கக் கொடுத்து, அதேபோல் ஒன்று செய்யச் சொன்னதாக பாபு குடும்பத்தார் சொல்கிறார்கள். மாஹியில் கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தியைச் சேர்க்கச் சொன்னாராம் பிரவுன். பாபு சேர்த்ததோ முந்திரிப்பழத்திலும் கதலிப்பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கு. கேக் அச்சு தர்மடத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்தது. பிரவுனுக்குப் பிடித்துப்போய், மேலும் ஒரு டஜனுக்கு ஆர்டர் தந்தாராம். கையில் இருப்பதைக் கொண்டு, ஆனால் நேரம் ஒதுக்கிச் செய்வது என்ற அந்த வழி இன்றைய சமையலறைக்கும் பொருந்தும்.

பாலக்காடு-பொள்ளாச்சி ரயில் பாதையில் இருக்கும் கொல்லங்கோட்டையே எடுத்துக்கொள்ளலாம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். முறுக்கும் உப்பேரியும் கைவந்த இல்லத்தரசிகளுக்குக் கேக்தான் கொஞ்சம் புதிது. ஆனால் தேவையானவை தொலைவில் இல்லை. அருகே நெல்லியாம்பதி மலையில் ஆரஞ்சு விளைகிறது, ஏலக்காய் விளைகிறது. கடையில் வாங்கும் டுட்டி ஃப்ரூட்டிக்குப் பதில் ஆரஞ்சுத் தோலையே பயன்படுத்தலாம். தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை கொதிக்கவிட்டால் கசப்பு போய்விடும். பிறகு சர்க்கரைப் பாகில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து உலர்த்த வேண்டியதுதான். நவம்பரில் மழை இருக்கும் என்பதால் வெயிலை நம்பாமல் அடுப்படியில் உலர்த்துவது நல்லது.

நவம்பர் கடைசி வாரத்தில் பழங்களை ஊறவைக்கலாம். உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி மிட்டாய் எல்லாம் சேர்ந்து 400 கிராம். ரம் அல்லது பிராந்தியில் மூழ்கியிருந்தால், ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் வாரக்கணக்கில் கெடாது. மது வேண்டாதவர்கள் ஆரஞ்சு அல்லது திராட்சைச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் சாறு வெளியில் இருந்தால் புளித்துவிடும். கேக் செய்வதற்கு முந்தைய நாள் சாற்றைச் சூடாக்கி ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தாலே போதும்.

டிசம்பர் முதல் வாரத்தில் கால் பங்கு அளவில் ஒரு சோதனைக் கேக் செய்து பார்ப்பது வீண் செலவல்ல. சொந்த அடுப்பின் குணம் அப்போதுதான் தெரியும். ஓவன் இல்லாதவர்கள் கனமான அலுமினியப் பாத்திரத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம். வெந்நீர் வைக்கும் குக்கரை இப்படி வெறுமனே சூடாக்கிக் கெடுப்பதைவிட இது மேல்.

முழுக் கேக்குக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 200 கிராம், நான்கு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். கரும் நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி, வெந்நீரைக் கவனமாகச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்த பாகு. வெண்ணெயும் முட்டையும் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தால் கலவை திரிந்துபோகும். முன்னதாகவே எடுத்து வெளியே வைக்க வேண்டும். பழத்தை வடித்து, கொஞ்சம் மைதாவில் புரட்டிக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஓவனில் 150 முதல் 160 டிகிரி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் ஒரு மணி நேரம் திறந்து பார்க்கக் கூடாது. நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

மூன்று கேக் வேண்டும் என்றால் மூன்றுக்கும் சேர்த்து மாவு கலக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதல் கேக் வேகும்வரை காத்திருக்கும் மாவு சரியாக உப்பாது. எனவே ஓவனில் எத்தனை கேக் கொள்ளுமோ அத்தனைக்கு மட்டும் கலக்கி, வேலையை இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்துக்கொள்வதே சரி. டிசம்பர் 18, 20 என்று தேதி குறித்துவிட்டால் பண்டிகைக்கு முந்தைய இரவில் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்காது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே டிசம்பரில் வீசும் காற்று வறண்டது. கேக்கை மேசையில் திறந்து வைத்தால் ஓரங்கள் காய்ந்துவிடும். நன்றாக ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இரண்டு நாள் கழித்து வெட்டினால் துண்டுகள் உதிராது. மணமும் கூடும்.

கடைசியாக, கேக் பல வீடுகளுக்குப் போகும் பண்டம். வேகும்போது ரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கொஞ்சம் எஞ்சியிருக்கும். மது தொடாதவர்கள், முட்டை சேர்க்காதவர்கள், குழந்தைகள், முந்திரி ஒவ்வாதவர்கள் எல்லாம் பக்கத்து வீடுகளில் இருக்கலாம். கொடுக்கும்போதே என்ன சேர்த்திருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். 2020 ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். விற்பனை என்று வந்துவிட்டால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு அவசியம். அதையும் நவம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.