பூட்டின காரும் புண்ணியவான் உபதேசமும்

போன மாசம் ராஜபாளையத்துல ஒரு கல்யாண வீட்ல பழைய நண்பனைப் பார்த்தேன். பேச்சு எப்படியோ கேம் பக்கம் போச்சு. "மாட் போட்டு காரை அன்லாக் பண்றவனெல்லாம் திருட்டுப் பயடா"ன்னு ஒரே போடா போட்டுட்டான். பந்தியில பாயாசம் வந்துட்டதால அங்க ஒண்ணும் சொல்லல. இங்க சொல்றேன்.

2005ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் ஞாபகம் இருக்கா மக்களே? வெள்ளி நிறத்துல நீலக் கோலம் போட்ட பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரை ஆரம்பத்துலயே ஓட்டக் குடுப்பாங்க. ருசி கண்டதும் ரேசர்னு ஒருத்தன் பிடுங்கிட்டுப் போயிடுவான். திரும்ப வேணும்னா பிளாக்லிஸ்ட்ல இருக்கிற 15 பேரையும் ஒவ்வொருத்தனா ஜெயிக்கணும்.

"உழைச்சு வாங்கு, அதுலதான் ருசி"ங்கிறான் நண்பன். அவன் வீட்ல கம்ப்யூட்டர் இருந்துச்சு, சொல்லுவான். நாங்க தளவாய்புரத்துல மணிக்கு 15 ரூபாய் குடுத்து பிரவுசிங் சென்டர்ல விளையாடின கூட்டம். பாதிப் பேர் நைட்டி தைக்கிற வீட்டுப் பசங்க. ஒன்பதாம் நம்பர் ஆள் வரைக்கும் முட்டி மோதி வந்திருப்போம். அடுத்த வாரம் போனா எவனோ நம்ம சேவ் ஃபைலை அழிச்சிட்டு புதுசா ஆரம்பிச்சிருப்பான். இல்லன்னா பாதி ரேஸ்ல கரண்ட் போயிடும். திரும்ப 15லேர்ந்து ஆரம்பி! மூணு தடவை இப்படி ஆச்சு. அது உழைப்பு இல்லாம வேற என்னவாம்?

கடைசியில சென்டர் அண்ணனே பாவப்பட்டு, சேவ் ஃபைலைத் திருத்துற குட்டி மென்பொருளைப் போட்டுவிட்டார். எம்3 வந்துச்சு. இதுல யார் சொத்து போச்சு? எதிர்ல ஓடினது கம்ப்யூட்டர் ஓட்டின கார். எம்3யும் எங்கேயோ ஷோரூம்ல இல்ல, அதே கேம் ஃபோல்டர்லதான் கிடந்துச்சு. பூட்டு மட்டும்தான் கழண்டுச்சு.

சரி, உழைப்போட அருமை கம்பெனிக்காரங்களுக்காவது தெரியுமா? 2013ல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5ஐ முழு விலைக்கு வித்துட்டு, உள்ளே காரைத் திறக்க நிஜக் காசுக்கு டோக்கனும் வித்தாங்க. ஜனங்க கத்தினப்புறம்தான் கார் விலையைக் குறைச்சாங்க. 2022 மார்ச்ல கிரான் டூரிஸ்மோ 7க்கு ஒரு அப்டேட் வந்து, ரேஸ்ல கிடைக்கிற பரிசைக் குறைச்சாங்க. அதே கிரெடிட் காசுக்கும் விற்பனையில இருந்துச்சு! அந்த வாரம் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல படுத்துடுச்சு. தனியா விளையாடுறவனும் பெரும்பாலான பகுதிக்குள்ள போக முடியல. அப்புறம் மன்னிப்பு கேட்டு ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் குடுத்தாங்க. ஆக, நாம பூட்டைத் திறந்தா திருட்டு, அவங்க சாவியை வித்தா வியாபாரம்!

உச்சகட்டம் யூபிசாஃப்டோட தி க்ரூ. 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினாங்க. கடையில டிஸ்க் வாங்கினவனுக்கும் கேம் செத்துப்போச்சு. 2025ல் அதைத் திரும்ப ஓட வெச்சது யாரு? சொந்தமா சர்வர் மென்பொருள் எழுதின ரசிகர்கள். அதாவது, நண்பன் திருட்டுப் பயன்னு சொன்ன அதே மாட் கோஷ்டி.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். ஆன்லைன்ல இன்னொரு மனுஷனோட ரேஸ் விடும்போது மாட் போட்டா அது அயோக்கியத்தனம்தான். கேரம்ல ஃபாலோ போடாம ரெட்டை எடுத்து வெச்சுக்கற மாதிரி. எதிர்ல உக்காந்திருக்கிறவன் ஏமாறுறான். தனியா விளையாடும்போது ஏமாற அங்க யாருமே இல்ல.

நண்பனுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. வருஷங்கழிச்சு சொந்தமா கம்ப்யூட்டர் வாங்கினதும், மாட் இல்லாமலே 15 பேரையும் ஜெயிச்சு எம்3ஐ எடுத்தேன். அவன் சொன்ன ருசி நிஜம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ருசிக்கு முதல்ல வீட்ல ஒரு கம்ப்யூட்டர் வேணும்டா நண்பா. அது இல்லாதவனைத் திருடன்னு சொல்லாதே.

டிஸ்கி: சென்டர்ல இருந்தது ஒரிஜினல் சிடியான்னு கேக்காதீங்க, ஹி ஹி. அது தப்புதான். ஆனா அது வேற கேஸ்.