ஓவியம் வாழ்கிறது, பாணன் எங்கே?

மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடியினரது கலை பாதுகாக்கப்பட்டுவிட்டது என்னும் கூற்று இன்று ஐயமின்றி ஏற்கப்படுகின்றது. 'கோண்டு ஓவியம்' உலகின் கலைக்கூடங்களில் இடம்பெறுவதே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. இது பாதி உண்மையே. பேணப்பட்டது வண்ணம், கைவிடப்பட்டது வாய்மொழி.

இவ்வோவியர்களுட் பலர் பர்தான்கள். கோண்டு மக்களின் பாணர் குலத்தினர். பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் படாதேவ் என்னும் பெருந்தெய்வத்தை அழைப்பதும், புரவலர் குடும்பங்களின் வழிமுறையையும் கோண்டு அரசர் கதைகளையும் பாடுவதும் அவர்தம் தொழில். தானியமும் துணியும் கால்நடையும் கைம்மாறாகக் கிடைத்தன. பாடுவோனையும் கேட்போனையும் பிணைத்த இவ்வுறவே அக்கதைகளின் சமூக அடிப்படை. புரவலர் வறுமையுற்றபோது அவ்வடிப்படை தகர்ந்தது. பாணர் பலர் கூலியுழைப்பை நாடினர்.

1980களின் தொடக்கத்திலே, போபாலிலுள்ள பாரத் பவனுக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர், பாட்டன்கட் கிராமத்தில் ஜங்கர் சிங் ஷியாம் என்னும் பர்தான் இளைஞரைக் கண்டனர். பாடலில் வாழ்ந்த தெய்வங்கள் அவர் கையால் தாளிலும் கன்வசிலும் உருப்பெற்றன. 1989இல் பாரிஸ் கண்காட்சியொன்றில் அவரது ஆக்கங்கள் இடம்பெற்றன. 2001இல், யப்பானிய நூதனசாலையொன்றிற் பணியாற்றுகையில், அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வகுத்த வழியிலே இன்று பல குடும்பங்கள் வாழ்கின்றன. அச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

ஓவியமே கதை சொல்கின்றதே என வாதிப்போர் உளர். யாருக்குச் சொல்கின்றது? கதையறிந்த கோண்டுக் குடியானவனுக்கன்று. மானையும் மயிலையும் சுவரில் மாட்ட விரும்பும் நகரத்தவனுக்கே. நீண்டு பாடப்பட்ட கதை, படத்தின்கீழ் இரண்டு வரிக் குறிப்பாகச் சுருங்குகின்றது. 2023இல் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது சந்தையில் ஓவியத்தின் பெயரைக் காக்கும், பானாவைக் காக்காது.

எனவே, பாதுகாப்பென்பதை விற்பனையான ஓவியங்களைக் கொண்டு அளவிடுதல் தகாது. பானா இசைப்போருக்கு ஓவியருக்கு நிகரான ஊதியம் வேண்டும். பாடல்கள் அவர்தம் மொழியிலேயே பதிவுசெய்யப்பட்டு, அவற்றின் உரிமை அவர்களிடமே இருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கோண்டுச் சிறுவர்கள் தம் பாடசாலையிலேயே அக்கதைகளைக் கேட்டு வளர வழிசெய்தல் வேண்டும். கேட்போர் இல்லாதொழியின், எஞ்சுவது அலங்காரமேயன்றி மரபன்று.