பில் உண்மை... அக்கவுன்ட் உண்மையா?

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். முன்பெல்லாம் ஏஜென்ட் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பில் தபாலில் போகும், செக் தபாலில் வரும். இப்போது டிசைன் வாட்ஸ்அப்பில், ஆர்டர் மெயிலில், பில் பி.டி.எஃப்-பில், பணம் நெட்பேங்கிங்கில். வேலை சுலபமாகிவிட்டது. திருடனுக்கும்தான்!

இப்படி நினைத்துப் பாருங்கள். காலண்டர் வாங்கிய ஜவுளிக்கடைக்கு அச்சகத்திலிருந்து பில் வருகிறது. மறுநாளே இன்னொரு மெயில்: “எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது. திருத்திய பில்லை இணைத்துள்ளோம்.” அதே லோகோ, அதே பில் நம்பர், அதே தொகை, க்யூ.ஆர் கோடுகூட அதேதான். கடைக்காரர் பணத்தை அனுப்பிவிடுகிறார். ஒரு வாரம் கழித்து அச்சகத்திலிருந்து போன்: “அண்ணாச்சி, பணம் இன்னும் வரலையே?”

எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, இருவரில் ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டு களவு போயிருக்கும். உள்ளே நுழைந்தவன் உடனே எதையும் தொடமாட்டான். பெரிய பில் வரும்வரை சத்தமில்லாமல் காத்திருப்பான். இன்னொன்று, அச்சகத்தின் முகவரி போலவே போலி முகவரி தொடங்குவது. ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டு சின்ன எழுத்துகளையும் ஒட்டி எழுதினால் ‘எம்’ மாதிரியே தெரியும். செல்போன் திரையில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

“க்யூ.ஆர் கோடு இருக்கிறதே?”

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜி.எஸ்.டி இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில், 500 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. இந்த வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களும் இன்னொரு வியாபாரிக்கு பில் போட்டால் இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்றானது. பில் விவரத்தை போர்ட்டலில் பதிந்தால் 64 இலக்க ஐ.ஆர்.என் எண்ணும், டிஜிட்டல் கையெழுத்துள்ள க்யூ.ஆர் கோடும் கிடைக்கும்.

அந்தக் கோடில் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜி.எஸ்.டி எண்கள், பில் நம்பர், தேதி, தொகை எல்லாம் இருக்கும். பேங்க் அக்கவுன்ட் நம்பர் இருக்காது! எனவே திருடன் அக்கவுன்ட் நம்பரை மட்டும் மாற்றினாலும், ஸ்கேன் செய்யும்போது பில் சரியென்றே காட்டும்.

பில் அனுப்புபவர்கள் கவனத்துக்கு...

* மெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். உங்களுக்கு வரும் மெயில்கள் தெரியாத முகவரிக்கு ஃபார்வர்டு ஆகின்றனவா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

* கம்பெனி பெயரில் டொமைன் இருந்தால் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் மூன்றையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் அடுத்தவர் மெயில் அனுப்புவதை இவை கடினமாக்கும். முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலே கேட்கிறது. இல்லையென்றால் உங்கள் உண்மையான பில்லே ஸ்பேமில் விழலாம்.

* ‘அக்கவுன்ட் மாற்றத்தை மெயிலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம்’ என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

பணம் அனுப்புபவர்கள் கவனத்துக்கு...

* அக்கவுன்ட் மாறியதாக மெயில் வந்தால் போன் செய்து கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய நம்பருக்கு.

* என்.இ.எஃப்.டி, ஆர்.டி.ஜி.எஸ் அனுப்புமுன் அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

* பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

அன்று ஏஜென்டின் முகம் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். இன்று முகம் பார்க்க வழியில்லை. குரலையாவது கேட்டுவிட்டு அனுப்புங்கள்!