பேர் ஒரு தாள்ல, காசு இன்னொரு தாள்ல

தோட்டத்துல ஒரு நாள் வேலையை ‘பேர்’னு சொல்லுவோம். முழுசா வேலை செஞ்சா ஒரு பேர், கொழுந்து நிறை குறைஞ்சா அரைப் பேர். செக்ரோல்ல என்ன விழுந்திருக்கோ அதுதான் சம்பளம். எங்க பாட்டிமார் காலம் முழுக்க இன்னொருத்தர் எழுதின புத்தகத்தை நம்பியே போயிருக்கு. பிரிண்டர் பிரச்சினையைப் பற்றி எழுத வந்துட்டு இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, எங்க சங்கக் கூட்டத்துல நடந்தது எனக்கு இதைத்தான் ஞாபகப்படுத்துச்சு.

பட்டிப்பொல ஸ்டேஷன் 6,226 அடி உயரத்துல இருக்கு. இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன். வர்றவங்க எல்லாம் அந்தப் பலகைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி எங்க லயங்கள். எங்களுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கு, ஏறத்தாழ 190 குடும்பம். மாசம் சந்தா கட்டணும், வீட்டுல இழவு விழுந்தா சங்கம் காசு கொடுக்கும். கணக்கு முழுக்க ஒரு லெப்டொப்ல, மைக்ரோசொப்ட் அக்ஸஸ்ல இருக்கு. அதைச் செஞ்சு கொடுத்த அண்ணன் இப்போ கட்டார்ல.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு மாத்திடலாம்னு கொமிட்டி முடிவெடுத்து, வேலையை என்கிட்டயும் என் கூட்டாளிகிட்டயும் கொடுத்தாங்க. மாத்தினோம். லெப்டொப் நல்லா திறந்துச்சு, கணக்கு எல்லாம் அப்படியே இருந்துச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போய்ட்டோம். ஒரு தாள் கூட அச்சடிச்சுப் பார்க்கல. அதுதான் நாங்க செஞ்ச பிழை.

மாசப் பட்டியல் எப்பவும் ஏ4 தாளைக் கிடையாப் போட்டு எட்டுப் பக்கம் வரும். இந்தத் தடவை பன்னிரண்டு வந்துச்சு. தாள் நெட்டாத் திரும்பியிருந்துச்சு. கிடையா வச்சா 297 மில்லிமீட்டர் அகலம், நெட்டா வச்சா 210. குறைஞ்சது 87 மில்லிமீட்டர்தான். ஆனா எங்க பட்டியல்ல நிலுவையும் கட்டவேண்டிய தொகையும் சரியா அந்த இடத்துலதான் இருக்கு. அக்ஸஸ் அதை வெட்டி எறியாது, அடுத்த தாளுக்குத் தள்ளும். அப்போ ஆறு தாள்ல பேர், ஆறு தாள்ல வெறும் இலக்கம். பொருளாளர் அண்ணன் பாவம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்டேப்ளர் அடிச்சுக் கொண்டு வந்தார். அதுல ரெண்டு தாள் மாறிப் போச்சு.

கூட்டத்துல ஒரு பெரியம்மாவுக்கு மூணு மாச நிலுவைன்னு வாசிச்சாங்க. அவங்க ஒரு மாசம் கூடத் தவறவிட்டதில்லை, அது எனக்கே தெரியும். அவங்க சண்டை போடல. “கம்ப்யூட்டர்ல அப்படி இருந்தா அப்படித்தாப்பா இருக்கும்”னு சொல்லிட்டு, சேலை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த காசை எடுத்து எண்ண ஆரம்பிச்சாங்க. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

அதனாலதான், “அது சும்மா பிரிண்ட் செட்டிங் மச்சான்”னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது. சம்பளத் துண்டு, சந்தாப் பட்டியல், கூட்டுறவுக் கடன் கணக்கு எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. இடது பக்கம் பேர், வலது ஓரத்துல கழிவும் கைக்கு வர்ற தொகையும். சம்பளப் பட்டியல்னா, தொழிலாளியிடம் பிடிக்கிற ஈபிஎஃப் 8 வீதமும் அந்த ஓரத்துலதான் நிற்கும். பக்கம் திரும்பினா முதல்ல காணாமப் போறது மனுசனுக்கு முக்கியமான அந்த ஓரம்தான்.

சரி, தாள் ஏன் திரும்புது? விண்டோஸ்ல ஒவ்வொரு பிரிண்டருக்கும் ‘டெவ்மோட்’னு ஒரு தகவல் கட்டு உண்டு. தாள் அளவு, எத்தனை பிரதி, நெட்டா கிடையா எல்லாம் அதுக்குள்ள. நெட்டுக்கு 1, கிடைக்கு 2, அவ்வளவுதான். ரிப்போர்ட்டைச் சேமிக்கும்போது அக்ஸஸ் இந்தக் கட்டையும் சேர்த்து வைக்கும். ஆனா அந்தக் கட்டோட பின்பகுதியில ஒவ்வொரு பிரிண்டர் டிரைவரும் தன் சொந்த விஷயத்தை எழுதி வச்சிருக்கும். ஒப்பரேட்டிங் சிஸ்டம் மாறும்போது டிரைவர் மாறலாம், பிரிண்டரோட பேர் கூட மாறலாம். பழைய குறிப்பு புதுசுக்குப் பொருந்தலைன்னா பக்க அமைப்பு புது பிரிண்டரோட வழமைக்குப் போயிடலாம். அந்த வழமை பெரும்பாலும் நெட்டு.

இன்னொரு விஷயமும் இருக்கு. டிஃபோல்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்ங்கிற ஒரு வசதி 2015 நவம்பர் அப்டேட்ல விண்டோஸ் 10-க்கு வந்துச்சு, 11-லயும் இருக்கு. அது போட்டிருந்தா, கடைசியா எதுல அச்சடிச்சீங்களோ அதுவே டிஃபோல்ட் ஆயிடும். நேத்து பிடிஎஃப் எடுத்தீங்கன்னா இன்னைக்கு டிஃபோல்ட் அந்தப் பிடிஎஃப் பிரிண்டர்தான். சங்க லெப்டொப்ல நான் முதல்ல நிறுத்தினது இதைத்தான்.

பொதுவா எல்லாரும் என்ன செய்வாங்கன்னா, அச்சடிக்கிற நேரம் பிரிண்ட் விண்டோவைத் திறந்து லேண்ட்ஸ்கேப்னு மாத்துவாங்க. அன்னைக்கு வேலை முடிஞ்சிடும். அடுத்த மாசம் அவர் சுகமில்லாம இருந்தா, வேற ஒருத்தர் பட்டனை அமுக்குவார், மறுபடி பன்னிரண்டு தாள். அதனால ரிப்போர்ட்டை டிசைன் வியூல திறந்து, பேஜ் செட்டப்ல ஏ4, லேண்ட்ஸ்கேப்னு வச்சு, ரிப்போர்ட்டைச் சேமிக்கணும். தாள் அளவையும் பாருங்க. சில நேரம் புது டிரைவர் அமெரிக்க ‘லெட்டர்’ அளவுல வந்து நிற்கும். கொஞ்சம் கோட் எழுதப் பழகியிருந்தா, ரிப்போர்ட் திறக்கிற நேரத்துலயே ஓரியண்டேஷனைக் கிடையாக்கச் சொல்லி ஒரு வரி போடலாம். அக்ஸஸ் 2002-ல இருந்து அதுக்கு வழி இருக்கு. நாங்க அதையும் போட்டோம்.

(பாமினி எழுத்துருவைத் திரும்பப் போட மறந்தா தமிழ்ப் பேர் எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமா வந்து நிற்கும். அது தனிக் கதை. ஆனா அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும், யாரும் அதை நம்பமாட்டாங்க. தாள் மாறினது யாருக்கும் தெரியாது.)

இதெல்லாம் கடைக்காரர் வேலைன்னு என் கூட்டாளி சொன்னான். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கடையில கொடுத்தா மெஷின் திறக்குதா, நெட் வேலை செய்யுதா, பிரிண்டர் டெஸ்ட் பேஜ் வருதான்னு பார்த்துக் கொடுப்பாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த நிரல்ல பெரியம்மாவோட காசு இருக்குன்னு நமக்குத்தானே தெரியும். இன்னொருத்தர், அக்ஸஸை விட்டுட்டு எக்செல்லுக்கு மாறுங்கன்னார். மாறலாம், ஆனா எக்செல்லயும் பக்கம் திரும்பினா வலது நிரல்கள் அடுத்த தாளுக்குத்தான் போகும்.

என்னைக் கேட்டா, செட்டிங்கைவிட முக்கியமானது பட்டியலோட அமைப்பு. என்னதான் சரி பண்ணி வச்சாலும் இன்னொரு அப்டேட்ல மறுபடி திரும்பலாம். அப்போவும் காசு பேரைவிட்டுப் பிரியக்கூடாது. நாங்க இப்போ தேவையில்லாத ரெண்டு நிரலை எடுத்துட்டு, அங்கத்துவ இலக்கத்தையும் பேரையும் வலது ஓரத்துல தொகைக்குப் பக்கத்துல இன்னொரு தடவை போட்டிருக்கோம். பார்க்க அழகா இல்லைன்னு பொருளாளர் அண்ணனுக்குக் குறைதான். ஆனா தாள் ரெண்டாப் பிரிஞ்சாலும் எந்தத் தொகை யாருடையதுன்னு இனி தெரியும்.

அதோட, பிரிண்டர் பேர், தாள் அளவு, எழுத்துரு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, சரியா வந்த ஒரு பட்டியலையும் சேர்த்து சங்கக் கோப்புல வச்சோம். கட்டார்ல இருக்கிற அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். “இதை நானே எழுதி வச்சுட்டு வந்திருக்கணும் தம்பி”னு பதில் வந்துச்சு.

இந்த மாசம் எட்டுத் தாள்தான். பெரியம்மா என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, தன்னோட வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. நிலுவை இல்லைன்னு ரெண்டு தடவையும் சொன்னேன். “அப்போ அன்னைக்கு நான் கட்டுனது?”ன்னு கேட்டாங்க. அண்ணன் அதை அடுத்த மூணு மாசச் சந்தாவா வரவு வச்சு, கையால ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அவங்க அதையும் என்கிட்ட நீட்டி வாசிக்கச் சொன்னாங்க.