கேசட்டை ஊதாதீர்கள்!

சென்ற திங்கள் செம்பூரில் வாழும் நண்பரொருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கட்டடம் புதுப்பிக்கப்படவிருப்பதால் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பங்கார்க்காரருக்கென வாயிலில் குவித்திருந்த பழம்பொருள்களிடையே, மஞ்சள் பாரித்த வீடியோ கேம் பெட்டி ஒன்று கிடந்தது. "அப்பா இரட்டை ஷிப்டு பார்த்து 1994-ல் வாங்கித் தந்தது. இப்பொழுது ஓடவில்லை" என்றார் நண்பர். அவருடைய தந்தையார் இன்று இல்லை. ஒரு மாலைப்பொழுது மட்டும் அதனை நம்மிடம் விட்டுவைக்குமாறு வேண்டிப் பெற்று வந்தோம்.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1983-ஆம் ஆண்டு 'ஃபேமிகாம்' என்னும் கருவியை வெளியிட்டது. அதனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட பெட்டிகளே 1990-களில் 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களில் நம் நாட்டு இல்லங்களில் நுழைந்தன. இவற்றின் அமைப்பு மிக எளியது. ஆதலின் பழுதும் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். தேடும் முறைதான் முக்கியம்.

முதலில் மின்சாரம். நண்பரின் பெட்டியில் விளக்கே எரியவில்லை. அடாப்டரின் முனையை மீட்டரால் அளந்தோம். 9 வோல்ட் என்று எழுதியிருக்க, மீட்டர் அதற்கு மேல் காட்டியது. பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டர்கள் சுமையில்லாதபோது அவ்வாறு காட்டுவது இயல்பே. வேறு அடாப்டரை மாட்டுவோர், வோல்ட் அளவோடு + − அடையாளமும் பெட்டியிலுள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்தல் வேண்டும். மாறினால் பெட்டி கருகிவிடக்கூடும்.

அடாப்டர் குற்றமற்றதாகவே, பெட்டியின் திருகுகளைக் கழற்றினோம். அடாப்டர் செருகும் துளையின் அடியில் ஈயப்பற்று விண்டிருந்தது. பல்லாண்டுகள் பிடுங்கிச் செருகியதன் விளைவு அது. பற்றுவைத்தவுடன் விளக்கு எரிந்தது.

ஆயினும் திரையில் படம் வரவில்லை. சிதறிய கட்டங்களே தோன்றின. இது கேசட்டின் குற்றம். ஃபேமிகாம் கேசட்டின் அடியில், பக்கத்துக்கு 30 வீதம் 60 தொடுதகடுகள் உள்ளன. அவற்றுள் சில சரிவரத் தொடாவிடினும் ஆட்டம் குலைந்துபோகும். நாம் சிறுவராயிருந்தபோது என்ன செய்தோம்? வாயால் ஊதினோம், மீண்டும் செருகினோம், படம் வந்தது! உண்மையில் உதவியது ஊதல் அன்று. எடுத்துச் செருகியதால் தகடுகள் உராய்ந்து புதிதாகத் தொட்டுக்கொண்டன என்பதே காரணம். மூச்சின் ஈரமோ தகட்டை அரிக்கவல்லது. கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள இந்த மும்பையில், அவ்வீரத்தை நாமும் கூட்டுவானேன்?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தகடுகளைக் கறுப்பு நீங்குமட்டும் துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கேசட்டை எடுப்பதும் செருகுவதும் வேண்டும்.

பற்றுவைக்க அறியாதோர் தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால், லாமிங்டன் சாலையின் மின்னணுக் கடைகளை நடந்தே அடையலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறோம்: இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் சிப்பு கரும்பிசினால் மூடப்பட்டிருக்கும். அதுவே பழுதானால் சீர்செய்ய இயலாது.

அன்றிரவே பெட்டியை நண்பரிடம் சேர்ப்பித்தோம். அவருடைய மகள் ஆடத் தொடங்கினாள். நண்பரோ ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தந்தையார் பெட்டியின் அடியில் மையினால் எழுதியிருந்த தம் இளமைப் பெயரையே தடவிக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, தாராவியின் பட்டறைகளுக்குச் சென்ற பெட்டி, பிளாஸ்டிக்காகவும் செம்பாகவும் பிரிந்துவிடும். அங்கிருந்து அது திரும்பாது. பங்கார்க்காரரை அழைக்குமுன் ஒரு மாலைப்பொழுதும் ஒரு பஞ்சுக்குச்சியும் செலவிடுங்கள்.