"வெளியில சாப்பிடாதீங்க" என்றால் போதுமா?

1/ "வெளியில சாப்பிடாதீங்க" என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்து, அடுப்பில்லாத ரூமில் தங்கியிருப்பவர் வேறு எங்கே சாப்பிடுவார்?

2/ 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட வேண்டும் என்பது 2022 முதல் விதி. ஆவடி ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிக்கு அது கிடையாது. அங்கே கணக்குப் பார்க்க வேண்டியது நீங்கதான்.

3/ ஒரு பரோட்டாவைக் குறைச்சு, ரெண்டு அவிச்ச முட்டை சேருங்க. சால்னாவை அளவா ஊத்துங்க. ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணெய் கறுத்திருந்தா அந்தக் கடை வேண்டாம்.

4/ மாசத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோட பூந்தமல்லியில பிரியாணியா? சந்தோஷமா சாப்பிடுங்க. சர்க்கரையும் பிரஷரும் ஏறுறது மத்த 29 ராத்திரியில.