மூடியைப் படிங்க பாஸ்!

வீட்டுல பழைய கார் இருக்கா? ஸ்டீயரிங் ஒடிக்கும்போது 'கொய்ங்'னு சத்தம் வருதா? உடனே கடைக்கு ஓடி, "பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்கி ஊத்தாதீங்க.

எல்லா ஆயிலும் ஒண்ணு இல்லை. பல பழைய கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். போதும். ஹோண்டா தன் கார்களுக்குத் தனி ஆயிலே கேட்கிறது. சில ஜெர்மன் கார்களுக்குப் பச்சை நிற சி.எச்.எஃப். பிரேக் ஆயில் மட்டும் கூடவே கூடாது. அது கிளைகால் வகை, ரப்பர் சீல் உப்பிக் கெட்டுடும். அப்புறம் பம்பு, ரேக்குன்னு செலவு இழுக்கும்.

விடை டேங்க் மூடியிலயும் மேனுவல்லயும் இருக்கு. அளவு குறைஞ்சிருந்தா, முதல்ல கசிவைத் தேடுங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நாம, ஒரு மூடியைப் படிக்கக் கூடாதா?